அடுப்படி வரை சென்ற மைக்ராஸ்கோப்



நாகூர்க் கடைத்தெருவில் பிளஸ் டூ படிக்கும் பத்துப் பேரை நிறுத்தி, “என்ன ஆகப் போகிறீர்கள்?” என்று கேட்டால், நாலைந்து பேராவது “டாக்டர்” என்பார்கள். “என்ன டாக்டர்?” என்று மேலும் கேட்டுப் பாருங்கள். இதய நிபுணர், அறுவை மருத்துவர், குழந்தை நல மருத்துவர் என்று பதில் வரும். “பாத்தாலஜிஸ்ட்” என்று சொல்பவர் அநேகமாக ஒருவரும் இருக்க மாட்டார். அந்தப் பெயரைக் கேட்டால் இரத்தம், சிறுநீர் சோதனை செய்யும் கடைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது.

நான் மருத்துவன் அல்லன். இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன். ஆனாலும், நோய்க்குறியியல் என்னும் பாத்தாலஜித் துறையைப் பற்றி, அதிலும் குழந்தைகளின் நோய்களை ஆராயும் நோய்க்குறியியல் பற்றி, உங்களிடம் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நோயைத் தீர்ப்பவரைப் போற்றும் நாம், நோய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பவரை மறந்துவிடுகிறோம். ஒருவர் தீர்ப்பது தம்மிடம் வந்த நோயாளியின் நோயை. மற்றவர் தடுப்பதோ, இனிப் பிறக்கப் போகும் குழந்தைகளுக்கு வரவிருந்த நோயை!

பாத்தாலஜிஸ்ட் யார்?

நோயுற்ற உறுப்பிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்தில் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்ப்பவர் அவர். உயிருள்ளவரிடமிருந்து எடுத்தால் அது பயாப்சி. இறந்தவரின் உடலை ஆராய்ந்தால் அது பிரேதப் பரிசோதனை. நோயாளிகள் அவரைப் பார்ப்பதே இல்லை. ஆனால் புற்றுநோயா, சாதாரணக் கட்டியா என்று முடிவு கூறுவது பெரும்பாலும் அவருடைய கண்தான்.

குழந்தை என்பது சிறிய உருவிலுள்ள பெரியவர் அன்று. வளரும் உறுப்பில் நோய் வேறு விதமாக வருகிறது. வேறு விதமாக வளர்கிறது. ஆகவே குழந்தை நோய்க்குறியியல் தனித் துறையாக வளர்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பாத்தாலஜிஸ்டாகப் பணியாற்றிய சிட்னி ஃபார்பர், அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். இரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் திசுக்களைப் பார்த்துப் பார்த்து, ‘இதைத் தடுக்க வழியில்லையா?’ என்று தேடியவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு உருவாக்கித் தந்த ‘அமினாப்டெரின்’ என்ற மருந்தை அவர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. இது வெளியான ஆண்டு 1948. இன்றைய புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

நம் நாட்டில் அக்காலத்தில் இத்துறை தனியாகப் பிரிந்திருக்கவில்லை. ஆனால் பொதுவான பாத்தாலஜிஸ்டாகத் தொடங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழந்தைகளை வாட்டும் நோய்களின் காரணங்களைத் தேடுவதில் செலவிட்ட ஒரு மேதை நம்மிடையே வாழ்ந்தார். அவர்தாம் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி.

குன்னூரில் ஒரு தொடக்கம்

ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் 1921-ஆம் ஆண்டு பிறந்தவர் ராமலிங்கசுவாமி. விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்தார். 1947-இல் அவர் ஆய்வுப் பணிக்கு வந்து சேர்ந்த இடம் நம் நீலகிரியிலுள்ள குன்னூர். அங்கேதான் அப்போது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. ராபர்ட் மக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1918-இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த கூடம் அது. தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வாழ்வோருக்கு வரும் நோய் பெரிபெரி. நெல் விளையும் நாட்டில் பிறந்த நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு! அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

உணவில் ஒரு சத்துக் குறைந்தால் உடலின் திசுக்களில் என்ன மாறுதல் உண்டாகிறது என்பதே குன்னூரில் அவர் ஆராய்ந்த பொருள். இடையே ஆக்ஸ்ஃபோர்டு சென்று ஆய்வுப் பட்டம் பெற்றார். 1957-இல் டெல்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பாத்தாலஜிப் பேராசிரியரானார். 1969 முதல் 1979 வரை அதன் இயக்குநர். பின்னர் 1986 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். 1986-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். 2001-இல் காலமானார்.

பதவிகளை மறந்துவிடுங்கள், தேர்வுக்கு வேண்டுமானால் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அவர் தேடலின் முறையைக் கவனியுங்கள். அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஒன்று உப்பு, மற்றது பித்தளைச் செம்பு. இரண்டும் நம் அடுப்படியில் உள்ளவை.

கழுத்துக் கழலையும் ஒரு சிட்டிகை உப்பும்

இமயமலைச் சரிவிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் பலருக்குக் கழுத்து முன்புறம் வீங்கியிருக்கும். இதுவே முன்கழுத்துக் கழலை. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். மழையும் பனியாறும் மலை மண்ணிலுள்ள அயோடினைக் காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டன. மண்ணில் இல்லாதது பயிரில் எப்படி வரும்? பயிரில் இல்லாதது உடலில் எப்படி வரும்? சுரப்பி திண்டாடித் திண்டாடிப் பெருக்கிறது. கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரியும் கேடு. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் அயோடின் கடுமையாகக் குறைந்தால் மூளை வளர்ச்சியே குன்றும். அது கண்ணுக்குத் தெரியாத பெருங்கேடு.

உப்பில் அயோடின் சேர்த்தால் தீருமா? தீரும் என்று சொல்லிவிட்டால் போதாது, நிரூபிக்க வேண்டும். 1956-இல் ராமலிங்கசுவாமி குழுவினர் அப்பள்ளத்தாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியை ஏ, பி, சி என மூன்று வட்டாரங்களாகப் பிரித்தனர். முதலில் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளின் கழுத்துகளைப் பரிசோதித்துக் கணக்கெடுத்தனர். பிறகு ஏ, சி வட்டாரங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பு. பி வட்டாரத்துக்குச் சாதாரண உப்பு. ஐந்தாண்டுகள் கழிந்தன. ஏ, சி வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளிடையே கழலை நன்கு குறைந்திருந்தது. பி வட்டாரத்தில் குறையவில்லை. 1962-இல் பி வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு தரப்பட்டது. அங்கேயும் கழலை குறைந்தது!

பி வட்டாரம் எதற்கு என்று புரிகிறதா? அது இல்லாவிட்டால், ‘ஐந்தாண்டுகளில் சாப்பாடு முன்னேறியிருக்கும், அதனால்தான் நோய் குறைந்தது’ என்று எவரும் சொல்லிவிடலாம். இயற்பியல் சோதனையில் ஒன்றை மாற்றும்போது மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதே நெறிதான். சோதனைக்கூடம் மட்டும் ஒரு பள்ளத்தாக்கின் அளவுக்குப் பெரியது.

இந்தியாவின் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது 1962-இல். இன்று கடையில் வாங்கும் அயோடின் உப்பில், நம் கைக்கு வரும்போது பத்து லட்சம் பங்குக்கு 15 பங்கு அயோடினாவது இருக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். எத்தனை கிராம் உப்பில் அது கிடைக்கும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பத்து கிராம்!

‘நாம் கடலோரத்தார், வேதாரண்யத்து உப்பு பக்கத்திலேயே விளைகிறது, நமக்கெதற்கு அயோடின் உப்பு?’ என்று சிலர் கேட்பதுண்டு. கடல் நீரில் அயோடின் உள்ளது உண்மை. ஆனால் பாத்தியில் விளைந்து நம் கைக்கு வரும் சாதாரண உப்பில் அது மிகச் சொற்பமே. ஆகவே, இப்போது ‘இயற்கை உப்பு’ என்ற பெயரில் அயோடின் சேர்க்காத கல்லுப்பைத் தேடி வாங்கும் பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. கல்லுப்பே வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது.

ஈரலில் படிந்த துகள்கள்

இரண்டாவது கதை இன்னும் சோகமானது. உங்கள் பாட்டியிடம் ‘ஈரல்குலைக்கட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறக்கூடும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு வயிறு உப்பும், ஈரல் பெருத்துக் கல்போல் இறுகும், கண் மஞ்சளிக்கும், சில மாதங்களில் குழந்தை இறந்துவிடும். ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகளும் மாண்டதுண்டு. கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் 1887-இலேயே இதை விவரித்திருக்கிறார். மருத்துவ உலகம் இதற்கு இட்ட பெயர் ‘இந்தியக் குழந்தைப் பருவ சிரோசிஸ்’. ஒரு நோய்க்கு நம் நாட்டின் பெயர் வந்தது பெருமைக்குரியதா, என்ன?

காரணம் எவருக்கும் தெரியவில்லை. பரம்பரை என்றனர் சிலர். வைரஸ் என்றனர் சிலர். கடலைப் பிண்ணாக்கில் பூக்கும் பூஞ்சணத்தின் நச்சு என்றனர் வேறு சிலர். சத்துக்குறைவு என்றும் எண்ணினர். ஆனால் ஒரு முரண்பாடு இருந்தது. பரம ஏழைகளின் வீடுகளைவிட, ஓரளவு வசதியுள்ள, சைவ உணவு உண்ணும் குடும்பங்களிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. பசும்பாலும் பித்தளைப் பாத்திரமும் காசுள்ள வீட்டுப் பொருள்கள் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1955-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு இந்நோய் பற்றி அறிக்கை தந்தது. சென்னையில் குழந்தை மருத்துவர் எஸ். டி. ஆச்சார், பாத்தாலஜிஸ்ட் ஸ்ரீராமாச்சாரி முதலியோர் 1960-இல் விரிவான கட்டுரை எழுதினர். டெல்லியில் ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாவான என். சி. நாயக்கும் குழந்தைகளின் ஈரல் துண்டுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, இந்நோயின் அடையாளங்களை வரையறுத்தனர். செல்கள் பலூன்போல் ஊதியிருக்கும். ஒவ்வொரு செல்லையும் சுற்றி நார்த் திசு வலைபோல் பின்னிக்கொள்ளும். வெட்டினாலும் வளரும் உறுப்பு ஈரல்; ஆனால் இந்நோயில் புதுச் செல்கள் முளைப்பதே அரிதாகிவிடும். அடையாளம் தெளிவாயிற்று. குற்றவாளி மட்டும் அகப்படவில்லை.

1978-இல் ஒரு தடயம் கிடைத்தது. ஒருவகைப் பாறைப் பாசியிலிருந்து பெறப்படும் ‘ஆர்சின்’ என்னும் சாயத்தைக் கொண்டு லண்டனில் போர்ட்மன், டேனர் ஆகியோரின் குழு இந்தியக் குழந்தைகளின் ஈரல் துண்டுகளைச் சாயமேற்றிப் பார்த்தது. செல்களுக்குள் கரும்பழுப்புத் துகள்கள் தென்பட்டன. அவை செம்பைப் பற்றிக்கொண்ட புரதத் துகள்கள்! மறு ஆண்டே ஈரலிலுள்ள செம்பின் அளவை அளந்தனர். உலர்ந்த ஈரல் ஒரு கிராமுக்குச் சாதாரணமாக 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு, நோயுற்ற ஈரலில் பன்மடங்கு மிகுந்திருந்தது. 800 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது இந்நோயில் வழக்கம். அதே 1979-இல் நாயக் உள்ளிட்ட டெல்லி ஆராய்ச்சியாளர்களும் நியூயார்க்கின் ஹான்ஸ் பாப்பர் முதலியோரும் சேர்ந்து, செல்லுக்குள் செம்பு செய்யும் நாசத்தைப் பற்றி எழுதினர்.

இவ்வளவு நுண்ணிய அளவை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இங்கேதான் எங்கள் இயற்பியல் துணைக்கு வருகிறது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய அலைநீளமுள்ள ஒளியை விழுங்கும். செம்புக்கு அது ஏறத்தாழ 325 நானோமீட்டர். திசுவைக் கரைத்துச் சுடரில் தூவி, அதன் வழியே அந்த ஒளியைச் செலுத்தினால், எவ்வளவு ஒளி குறைகிறது என்பதிலிருந்து எவ்வளவு செம்பு உள்ளது என்று கூறிவிடலாம். செம்பை அளக்கும் முறைகளுள் இதுவும் ஒன்று.

செம்பு எங்கிருந்து வந்தது?

குழந்தையின் ஈரலுக்குள் இத்தனை செம்பு நுழைந்தது எப்படி? விடை மைக்ராஸ்கோப்பில் இல்லை. அதற்கு வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. புனேயில் குழந்தை மருத்துவர்கள் ஷீலா பவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் டேனரும் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளையும் நோயற்ற குழந்தைகளின் வீடுகளையும் ஒப்பிட்டனர். நோயுற்ற குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு, அல்லது தாய்ப்பாலுக்குப் பதிலாக, வெகு சீக்கிரமே மாட்டுப்பால் தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் பால் காய்ச்சப்பட்டதும் வைக்கப்பட்டதும் ஈயம் பூசாத பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில்! 1983-இல் இக்கருத்து வெளியாயிற்று.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பாத்திரத்திலிருந்து செம்பை விடாமல் இழுத்துக்கொள்கிறது. பெரியவர்கள் மிகுதியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றிவிடுவார்கள். பச்சைக் குழந்தைக்கோ அத்திறன் முழுமையாக வளர்ந்திருக்காது. அது பிறக்கும்போதே ஈரலில் செம்பை நிறையச் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. தாய்ப்பாலில் செம்பு மிகக் குறைவு. ஆகவே அந்தச் சேமிப்பு மெல்ல மெல்லச் செலவாகும். இது இயற்கையின் ஏற்பாடு. பித்தளைச் செம்பின் பால் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது.

நம் தஞ்சை வட்டாரத்தார் பித்தளையை அறியாதவர்கள் அல்லர். கும்பகோணத்துப் பாத்திரமும் நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் ஊரறிந்தவை. நாகூர்க் கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் சமைக்கும் தேக்சாவுக்கு உள்ளே ஈயம் பூசும் வழக்கத்தையும் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஈயம் என்று சொன்னாலும் பூசப்பட வேண்டியது வெள்ளீயம். நச்சுத்தன்மையுள்ள காரீயம் அன்று. அந்த மெல்லிய வெள்ளீயப் படலமே உணவுக்கும் செம்புக்கும் நடுவே நிற்கும் சுவர். சுவர் தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டும் என்று நம் முன்னோர் வைத்த வழக்கம் வீணானதன்று.

புனேயில் பாத்திரத்தை மாற்றும்படி தாய்மார்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். செம்பை உடலிலிருந்து வெளியேற்றும் பெனிசிலமின் என்னும் மருந்தைத் தொடக்க நிலையிலேயே கொடுத்ததில், முன்பு தப்பாது என்று கைவிடப்பட்ட குழந்தைகளுள் பலர் பிழைத்தனர். எவர்சில்வர் பாத்திரம் எங்கும் பரவிய அதே காலத்தில் நோயும் அருகிற்று. இன்றைய மருத்துவ மாணவர்கள் இதைப் பெரும்பாலும் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள்.

இது இந்தியாவுக்கு மட்டுமே உரிய சாபமும் அன்று. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப் பகுதியில் 1900-க்கும் 1974-க்கும் இடையே 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயால் இறந்ததை 1996-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அங்கும் செம்புப் பாத்திரத்துப் பசும்பால்தான்! பாத்திரம் மாறியதும் அங்கும் நோய் மறைந்தது. அங்கே குறிப்பிட்ட சில குடும்பங்களில் மட்டும் நோய் வந்ததால், பாரம்பரியக் கூறு ஒன்றும் சேர்ந்தே இருந்தது என்று கருதுகின்றனர். நம் நாட்டிலும் எல்லா நோயாளிகளும் பித்தளையில் பால் குடித்தவர்கள் அல்லர் என்று மறுத்து எழுதியவர்கள் உண்டு. செம்பு மட்டும் போதுமா, அதைத் தாங்கமுடியாத பிறவிக் குறையும் வேண்டுமா என்ற விவாதம் முற்றாக முடியவில்லை. ஆனால் ஒன்றில் ஐயமில்லை: கைக்குழந்தையின் பாலுக்குப் பித்தளையும் செம்பும் ஆகா.

இன்று இதை ஏன் சொல்கிறேன்?

ஏனெனில் செம்புப் பாத்திரம் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. ‘பாரம்பரியம்’ என்ற முத்திரையோடு செம்புப் பாட்டில்களும் பித்தளைப் பாத்திரங்களும் விற்பனையாகின்றன. பாரம்பரியத்தை நான் பழிக்கவில்லை. செம்புக் குடத்தில் இரவு முழுதும் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் மடிகின்றன என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினர். நீரில் கரைந்த செம்பும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள்ளேயே இருந்தது. தண்ணீருக்கு நன்மை செய்த அதே உலோகம் பாலில் கேடு செய்கிறது! மோர், புளி, எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருள்களும் செம்பைக் கரைக்கும். ஆகவே ‘பழையது நல்லது’ என்பதும் ‘பழையது கெட்டது’ என்பதும் விடையாகா. எந்தப் பாத்திரம், எந்தப் பொருளுக்கு, எந்த வயதினருக்கு என்று கேட்பதே அறிவியல்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இந்த அறிவு எங்கிருந்து வந்தது? தங்கள் குழந்தையின் உடலிலிருந்து ஒரு துண்டுத் திசு எடுக்க, ஆறாத துயரத்துக்கு நடுவிலும் ஒப்புதல் தந்த பெற்றோரிடமிருந்து வந்தது. பிரேதப் பரிசோதனை என்றால் நம் மக்கள் எந்த மதத்தினராயினும் மனம் பதறுகிறார்கள். அது இயல்பே, அதை மதிக்க வேண்டும். இப்போது உடலை அறுக்காமல், ஊசியால் மட்டும் திசு எடுத்து ஆராயும் முறை வந்துள்ளது. மருத்துவர் கனிவோடு கேட்டால், யோசித்துப் பதில் சொல்லும் மனநிலை நம்மிடம் வளர வேண்டும் என்பது என் கருத்து.

உங்களில் சிலர் மருத்துவக் கல்லூரியில் சேர்வீர்கள். தஞ்சையில் 1959 முதலே மருத்துவக் கல்லூரி உண்டு. நாகப்பட்டினத்திலும் 2022-இல் ஒன்று வந்துவிட்டது. எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டுகள் பாத்தாலஜியில் எம்.டி. படித்து, பிறகு குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றால் இத்துறையில் நுழையலாம். நோயாளியின் வீட்டார் கைகூப்பி நன்றி சொல்லும் காட்சி அங்கே அதிகம் இராது. அதற்கு ஈடாக, ஒரு பொல்லாத நோயின் வேரையே பிடுங்கும் வாய்ப்பு உண்டு. ராமலிங்கசுவாமி தம் 75-ஆம் வயதிலும் ஓய்ந்திருக்கவில்லை. ஆப்பிரிக்காவைவிடத் தெற்காசியாவில் குழந்தைகளின் சத்துக்குறைவு ஏன் மிகுதி என்று 1996-இல் வேறு இருவருடன் சேர்ந்து எழுதினார். அதற்கு அவர்கள் கண்ட விடை உணவுப் பற்றாக்குறை மட்டும் அன்று. தாய்மாரின் தாழ்ந்த நிலையும், அதனால் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதும் முக்கியக் காரணங்கள் என்றனர். சமூகத்தின் நோயையும் அவர் அதே கண்ணால்தான் பார்த்தார்.

மருத்துவம் படிக்கப் போகாதவர்களும் இப்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டு உப்பில் சிறிது பள்ளிக்குக் கொண்டு செல்லுங்கள். வேதியியல் ஆசிரியர் முன்னிலையில் அதை நீரில் கரைத்து, கஞ்சித் தண்ணீர், பொட்டாசியம் அயோடைடு, சில சொட்டு நீர்த்த அமிலம் ஆகியவற்றைச் சேருங்கள். அயோடேட்டு கலந்த உப்பானால் உடனே நீல நிறம் தோன்றும். பக்கத்திலேயே இன்னொரு சோதனைக்குழாயில் அயோடின் சேர்க்காத உப்பையும் வைத்து ஒப்பிட மறவாதீர்கள். அதுதான் உங்கள் பி வட்டாரம்!